வட்டுக்கோட்டைச் செமினரி

கொக்குவிலிலிருந்து மேற்கே ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய் எனப் போனால் வட்டுக்கோட்டை வரும். இன்று யாழ்ப்பாணக் கல்லூரி நிற்கும் அவ்வூரில் முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த ஒரு கல்விக்கூடத்தின் கதையை நேயர்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் அங்கே செமினரியைத் தொடங்கினர். முதல் அதிபர் டானியல் பூவர். சுதேச உபதேசிமாரையும் ஆசிரியர்களையும் உருவாக்குவதே நோக்கம். ஆயினும் பாடத்திட்டம் அந்த வேலிக்குள் அடங்கவில்லை. வேதாகமத்தோடு ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம், தமிழிலக்கணம் எல்லாம் புகுந்துகொண்டன. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் இதனை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிட்டு எழுதினார்.

1829இல் வந்த சந்திர கிரகணம் ஊரையே கிளப்பிவிட்டது. கிரகணம் தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், மறைபடும் அளவு ஆகியவற்றில் அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கமும் பூவரின் கணிப்பும் மாறுபட்டன. பூவர் சொன்னபடியே நடந்தது. மிஷனரிமார் இதைத் தம் சமயத்தின் வெற்றியாகவே கொண்டாடினர். தூரதிருஷ்டிக் கண்ணாடி எதுவுமின்றி, பரம்பரை வாய்பாடுகளை மட்டும் கொண்டு நிமிடக் கணக்கு வித்தியாசம் வரை நெருங்கிவிட்ட சாஸ்திரியாரும் இலேசுப்பட்டவர் அல்லர் என்றே எனக்குப் படுகிறது.

செமினரிக்கு முடிவு வெளியிலிருந்து வரவில்லை. தாய்ச் சங்கத்திலிருந்தே வந்தது. போஸ்ரனிலிருந்து வந்த செயலாளர் றூபஸ் அன்டர்சன், சுவிசேஷம் தாய்மொழியில் சொல்லப்படவேண்டும் என்ற கொள்கையுடையவர். ஆங்கிலம் கற்றவன் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறான் என்பது அவர் மனக்குறை. 1855இல் செமினரி மூடப்பட்டது. தமிழுக்கு முதலிடம் கேட்ட ஒருவர் கையாலேயே தமிழுக்கு உழைக்கும் அறிஞரை உருவாக்கிய இடம் மூடப்பட்டதுதான் இதிலுள்ள விசித்திரம்.

மூடி இரண்டு வருடத்தில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதற் பட்டதாரிகளாக வந்தவர்கள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டையில் கற்றவர்கள். இருவரும் பின்னர் சைவரானவர்கள். அந்த அளவில் அன்டர்சனின் பயம் வீண்பயம் அல்ல. மிஷன் பள்ளியில் படித்த அந்தச் சிறுப்பிட்டிக்காரரே 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பதினைந்து வருடம் முன்னதாக, 1872இல், வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டிருந்தது.