பூட்டு ஊர்க்காரன் சொல்லும் சாவிக் கதை



திண்டுக்கல்காரன் என்று சொன்னால் ஹாஸ்டலில் உடனே வரும் கேள்வி: "பிரியாணியா, பூட்டா?" பிரியாணியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பூட்டைப் பற்றி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு பூட்டு திறந்துகொண்டது. யாரும் உடைக்கவில்லை, என் அண்ணனே சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டான். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் வரலாறு.

எங்கள் ஊரில் பூட்டுத் தொழில் நூறு ஆண்டுகளைத் தாண்டியது. சங்கரலிங்கம் ஆசாரி சகோதரர்கள் தொடங்கி வைத்தார்கள் என்று சொல்வார்கள். மாங்காய் வடிவத்தில் இருப்பதால் 'மாங்காய்ப் பூட்டு' என்று பெயர் பெற்றதுதான் இங்கே பிரபலம். கோயில், சிறைச்சாலை, குடோன் என்று எல்லா இடத்திலும் தொங்கியது. அலிகாரிலிருந்து மெஷினில் செய்த மலிவான பூட்டுகள் வந்த பிறகு தொழில் படுத்துவிட்டது. 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது மட்டும் ஒரு சின்ன ஆறுதல்.

இதன் சூட்சுமம் என்ன? உள்ளே லீவர் என்ற சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும். சாவியின் பல் ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும். கையால் செய்வதால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது.

இந்த இடத்தில் லண்டனுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். பிராமா என்பவரின் கம்பெனி 1790 முதல் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, "இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு" என்று சவால் விட்டது. அறுபது வருடம் யாராலும் முடியவில்லை. 1851-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஹாப்ஸ் என்ற பூட்டு நிபுணர் அதைத் திறந்தார். எவ்வளவு நேரம் தெரியுமா? 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம்! நல்ல பூட்டை உடைப்பது அவ்வளவு கஷ்டம். அதனால்தான் புத்திசாலித் திருடன் பூட்டைத் தொடுவதே இல்லை. சாவி வைத்திருப்பவனிடம் பேச்சுக் கொடுக்கிறான்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். பிட்காயின் 2009-ல் வந்தது. அதன் சாவி ஒரு நீளமான எண். அதை மனிதர்கள் எழுதி வைக்க வசதியாக 2013-ல் ஒரு முறை கொண்டு வந்தார்கள். 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களை வாலட் தேர்ந்தெடுத்துத் தரும். அந்தச் சொற்கள்தான் சாவி. யூகித்துக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். ஹாப்ஸே வந்தாலும் முடியாது! ஆனால் கேட்டு வாங்கிவிடலாமே?

கேட்டு வாங்கும் கலை கிரிப்டோவுக்கு முன்பே இருந்தது. "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்" என்ற போன்கால்கள் நினைவிருக்கிறதா? 2012 அக்டோபரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் இப்படிப்பட்ட ஆறு கும்பல்கள் மீது வழக்குப் போட்டது. பெரும்பாலான அழைப்புகள் போனது நம் நாட்டிலிருந்து (தலைகுனிவுதான்). 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே, எனிடெஸ்க் போன்ற செயலிகளை நிறுவச் சொல்லிப் பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்று எச்சரித்தது.

அடுத்த கட்டம் 2020. லெட்ஜர் என்ற பிரெஞ்சு வாலட் கம்பெனியின் வாடிக்கையாளர் விவரங்கள் திருடு போயின. சுமார் 2.7 லட்சம் பேரின் பெயர், முகவரி, போன் நம்பர் அந்த டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. 2021-ல் சிலர் வீட்டுக்குத் தபாலில் போலி வாலட் கருவியே வந்தது. கூடவே ஒரு கடிதம்: "பாதுகாப்புக்காக இதற்கு மாறுங்கள், உங்கள் 24 சொற்களை உள்ளிடுங்கள்."

2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரே ஆளிடம் 4,100-க்கும் மேற்பட்ட பிட்காயின்கள் போயின. அன்றைய மதிப்பு 23 கோடி டாலருக்கு மேல். கூகுள் சப்போர்ட் என்றும் ஜெமினி எக்ஸ்சேஞ்ச் சப்போர்ட் என்றும் நடித்துப் பேசியே வாங்கினார்கள். 2025 மே மாதம் காயின்பேஸ் நிறுவனம் ஒரு விஷயத்தை வெளியிட்டது. வெளிநாட்டில் இருந்த அதன் சப்போர்ட் ஊழியர்கள் சிலர் லஞ்சம் வாங்கிக்கொண்டு வாடிக்கையாளர் விவரங்களை விற்றிருக்கிறார்கள். ஆகவே போனில் பேசுபவனுக்கு உங்கள் பெயரும் முகவரியும் தெரிந்திருப்பதால் மட்டும் அவன் உண்மையான ஆள் ஆகிவிட மாட்டான்.

இப்போது அண்ணன் கதை. அவன் அனுப்பிய காயின் போய்ச் சேராமல் நின்றுவிட்டது. டெலிகிராம் குழுவில் உதவி கேட்டான். இரண்டே நிமிடத்தில் லோகோவோடு ஒரு 'சப்போர்ட்' தனிச்செய்தியில் வந்தது. ரொம்ப மரியாதையாகப் பேசி, "வாலட்டை சரிபார்க்க வேண்டும்" என்று ஒரு லிங்க் கொடுத்தது. அந்தப் பக்கம் 12 சொற்களைக் கேட்டது. டைப் அடித்தான். டீ ஆறுவதற்குள் இரண்டு வருடச் சேமிப்பு காலி.

எங்கள் தாத்தா பட்டறையில் வேலை பார்த்தவர். கிரிப்டோ என்றால் என்னவென்றே தெரியாது. முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "பூட்டு ரிப்பேருன்னா பூட்டக் கொண்டாம்போம். வீட்டுச் சாவியத் தபால்ல அனுப்புன்னு ஒருத்தன் கேட்டா, அவன் ஆசாரியாடா?"

அவ்வளவுதான் நண்பர்களே, முழுப் பாடமும் அதற்குள் இருக்கிறது. இருந்தாலும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

எந்த உண்மையான சப்போர்ட்டும் 12 சொற்களைக் கேட்காது. கேட்டால் திருடன், விதிவிலக்கே கிடையாது. தானாக முதலில் செய்தி அனுப்பும் 'சப்போர்ட்'டை பிளாக் செய்யுங்கள். கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி எடுக்காதீர்கள், செயலிக்குள்ளேயே பாருங்கள். திரையைப் பகிரும் செயலி எதையும் அவர்கள் சொல்லி நிறுவாதீர்கள். "உடனே செய்யுங்கள்" என்று அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள்.

தப்பித் தவறி சொற்களைக் கொடுத்துவிட்டால், புதுச் சொற்களோடு புது வாலட் உருவாக்கி மிச்சம் இருப்பதை அதற்கு மாற்றுங்கள். 1930-க்கு போன் செய்து புகார் கொடுங்கள். பிளாக்செயினில் போனதை யாரும் ரத்து செய்ய முடியாது. "மீட்டுத் தருகிறேன், முதலில் கட்டணம் கட்டு" என்று வருபவன் இரண்டாவது திருடன். அண்ணனுக்கு மறுநாளே அப்படி ஒருவன் வந்தான்.

அண்ணன் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஏமாந்ததை விட, வெளியே சொல்லத்தான் அவனுக்குக் கூச்சம். எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுது, பேரை மட்டும் போடாத" என்றான்.

போடவில்லை அண்ணா.