மழைக்காட்டு விடுதியும் மண்ணின் மக்களும்

பெரு நாட்டின் தம்போபாத்தா ஆற்றங்கரையில், எசே எஹா பழங்குடியினரும் பின்னர்க் குடியேறிய பிறரும் சேர்ந்து வாழும் இன்ஃபியர்னோ என்னும் சமூகம், 1976ஆம் ஆண்டில் தன் நிலத்துக்கு அரசின் உரிமைப்பட்டயத்தைப் பெற்றது. இச்சமூகம் 1996இல் ஒரு தனியார் சுற்றுலா நிறுவனத்துடன் 20 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, பொசாடா அமசோனாஸ் என்னும் விடுதியை எழுப்பியது. இது சூழல் சுற்றுலாவின், அதாவது இயற்கையைக் குலைக்காமல் உள்ளூர் மக்களையும் வாழவைக்கும் பயணமுறையின், வரலாற்றில் முக்கியமான நிகழ்வாகும். இலாபத்தில் 60 விழுக்காடு சமூகத்துக்கும் 40 விழுக்காடு நிறுவனத்துக்கும் எனப் பிரிக்கப்பட்டதோடு, முடிவெடுக்கும் அதிகாரம் இருதரப்புக்கும் சரிபாதியாக அமைந்தது.

மரம், காட்டு நாணல், பனையோலை ஆகியவற்றால் கட்டப்பட்ட அறைகளில் காட்டை நோக்கிய பக்கத்தில் சுவர் எழுப்பப்படாமையால், கொசுவலைக்குள் படுத்திருப்பவருக்கு இரவு முழுவதும் காட்டின் ஒலிகள் தடையின்றிக் கேட்கும். ஆறு தடம் மாறியபோது துண்டிக்கப்பட்டு உருவான குதிரைலாட வடிவ ஏரியில் வாழும் பெரிய நீர்நாய்களும், ஓங்கிய மரங்களில் கூடுகட்டும் ஹார்ப்பி கழுகுகளும் பயணிகளை ஈர்த்ததால், வேட்டையாடவும் மரம் வெட்டவும் பயன்பட்ட காட்டை உயிரோடு காப்பதும் வாழ்வாதாரமாகும் என்னும் எண்ணம் அம்மக்களிடையே வலுப்பெற்றது.

காட்டில் வாழ்வோர் அதன் உரிமையாளராகவும் இருக்கும் இடத்தில்தான் மழைக்காடு நிலைத்து வாழும் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினையாகும்.