உத்திசார் சுடுதல் விளையாட்டுகள்
ஆடுபவரின் கண்வழியே களத்தைக் காட்டும், அணியாக ஆடப்படும் வீடியோ கேம் வகை. ஓரிரு தோட்டாக்களிலேயே ஆள் விழுந்துவிடுவதால் வேகத்தைவிடப் பொறுமையும், காலடியோசை கேட்கும் காதும், கூட்டாளிகளுடனான பேச்சுமே வெற்றி தரும். 1998இல் வெளிவந்த ரெயின்போ சிக்ஸ் இதன் முன்னோடி. 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் இருவரும் ஹாஃப்-லைஃப் விளையாட்டை மாற்றியமைத்து கவுன்டர்-ஸ்ட்ரைக்கை உருவாக்கினர்; 2000இல் வால்வ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் இன்றைய வடிவில் அணிக்கு ஐவர். ஓர் அணி வைத்த வெடிகுண்டு 40 நொடியில் வெடிக்கும். எதிரணி அதைச் செயலிழக்கச் செய்ய 10 நொடி, கருவி இருந்தால் 5. இறந்தவர் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். 2020இல் இதே வகையில் வேலரன்ட் என்ற விளையாட்டு வந்தது. மும்பையின் குளோபல் ஈஸ்போர்ட்ஸ் அணி 2023இல் அதன் பசிபிக் லீக்கில் நுழைந்தது. 2022 டிசம்பரில் இந்திய அரசு, போட்டியாக ஆடப்படும் வீடியோ கேம்களான ஈஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையின்கீழ் சேர்த்தது.