நுண்குழாய் உட்படலப் பரிசோதனை

ரத்தக் குழாய்களின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் தடிமனில் படிந்திருக்கும் விரிப்பே எண்டோதீலியம் என்னும் உட்படலம். குழாயை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடை இதுவே சுரக்கிறது. நைட்ரிக் ஆக்சைடின் இந்தப் பங்கைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் 1998இல் நோபல் பரிசு பெற்றனர்.

உட்படலம் சரியாக இயங்குகிறதா என அறிய, முன்கையில் பட்டையை இறுக்கி, 5 நிமிடம் கழித்துத் தளர்த்தி, தமனி எவ்வளவு விரிகிறது என அல்ட்ராசவுண்டில் அளக்கும் முறை 1992இல் வந்தது. ஆனால் அது பெரிய குழாய்க்கான சோதனை. நுண்குழாய்க்கு விரல்நுனி நாடியளவு, நகக்கண் நுண்ணோக்கி, சிறுநீர் அல்புமின் என வேறு வழிகள் உண்டு. கிரியாட்டினின் ஒரு கிராமுக்கு அல்புமின் 30 மில்லிகிராமைத் தாண்டினால் கவனம் தேவை.

கத்தி வைக்காமல் நுண்குழாயை நேரில் பார்க்கக்கூடிய மற்றோர் இடம் விழித்திரை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்ததும் கேமராவின் தாங்கியில் முகவாயை வைத்தால் படம் விழுகிறது. சர்க்கரை நோயில் குழாய்ச் சுவர் நலிந்து புடைத்த இடங்கள் அதில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். பார்வை அப்போதும் தெளிவாகவே இருக்கும், ஆபத்தே அதில்தான்.

எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். விழித்திரைப் படங்களைக் கணினியே படித்தறியும் கூகுளின் 2016 ஆய்வில் அரவிந்தின் படங்களும் பயன்பட்டன.

திருவேங்கடம் வட்டாரத்தினருக்குத் திருநெல்வேலியிலேயே அரவிந்தின் கிளை இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டிவிடுங்கள். சொட்டு மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கும். பைக்கில் தனியாகப் போகாமல் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.