உறைந்த படிவுகளின் மாற்றம்: மக்மர்டோ வறள் பள்ளத்தாக்குகளில் ஒரு நூற்றாண்டு ஆய்வு

1903 டிசம்பரில் ராபர்ட் ஸ்காட், எட்கர் எவான்ஸ், வில்லியம் லாஷ்லி ஆகிய மூவரும் கிழக்கு அண்டார்க்டிகாவின் உயர்ந்த பனிவெளியிலிருந்து திரும்பும் வழியில், தரையில் பனியே இல்லாத ஒரு பள்ளத்தாக்கில் இறங்கினர். அதுவே பின்னர் டெய்லர் பள்ளத்தாக்கு எனப் பெயர் பெற்றது. பழைய பனியாறுகள் விட்டுச்சென்ற கல்லும் மணலும் அங்கே பரந்து கிடந்தன. மழை இல்லை, புல்லும் மரமும் இல்லை, கோடையில் சில வாரங்களே ஓடைகள் ஓடும். இத்தகைய இடத்தில் படிவுகள் இறக்கிவைத்தபடியே இருக்கும் என எண்ணத் தோன்றும். அந்த எண்ணம் எப்படிப் படிப்படியாகத் தகர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதல் தெளிவான சான்று நிலத்தின் வெடிப்புகளிலிருந்து கிடைத்தது. மக்மர்டோ பகுதியில் தரை பல்கோணக் கட்டங்களாகப் பிளந்திருப்பதை ஆராய்ந்து, டிராய் பேவே 1959இல் விளக்கம் அளித்தார். குளிர்காலத்தில் உறைநிலம் சுருங்கி வெடிக்கிறது. ஈரமான துருவப் பகுதிகளில் அந்த வெடிப்பில் நீர் இறங்கி உறையும். இங்கோ காய்ந்த மணல் சரிந்து நிரப்புகிறது. ஆண்டுதோறும் இது தொடர, மணல் ஆப்பு தடித்து, அருகிலுள்ள படிவை நெருக்கிப் புரட்டுகிறது. நீரின் உதவியின்றியே அடுக்கு குலைகிறது.

நியூசிலாந்து மண்ணியலாளர்களான கேம்ப்பெல், கிளாரிட்ஜ் இருவரும் வேதியியல் பக்கத்தைத் திறந்தனர். கடல் காற்றும் வளிமண்டலமும் கொண்டுவரும் குளோரைடு, நைட்ரேட், சல்ஃபேட் உப்புகளைக் கழுவிச் செல்ல மழை இல்லாததால் அவை மண்ணிலேயே சேர்கின்றன. படிகமாகும்போது பாறையைச் சிதைக்கின்றன. உப்பின் சேர்க்கை, கற்களின் தேய்மானம், மண்ணின் செந்நிறம் ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் 1975இல் ஆறு சிதைவு நிலைகளை வகுத்தனர். படிவுகளுக்குள் மூப்பு வரிசை காண அது உதவியது.

ஆனால் ஆழமான மாற்றம் நடப்பது அடியில், படிவும் பனிக்கட்டியும் சந்திக்கும் இடத்தில். கல் கலந்த பனிக்கட்டி உருகாமல் நேரடியாக ஆவியாகிப் பதங்கமாகும்போது, அதற்குள் இருந்த கல்லும் மணலும் வெளிப்பட்டு மேலுள்ள படிவின் அடியில் சேர்கின்றன. ஆகவே இவ்வகைப் படிவில் மேலடுக்கு பழையது, பனிக்கட்டியைத் தொடும் அடுக்கு புதியது. அடியில் உள்ளதே மூத்தது என்ற நிலவியலின் அடிப்படை விதி இங்கே தலைகீழாகிறது. இதை உணராமல் குழிவெட்டி அடுக்குகளைப் படிப்பவர் வரலாற்றையே பின்னிருந்து முன்னாக எழுதிவிடுவார்.

1995இல் டேவிட் சக்டன், டேவிட் மார்ச்சன்ட் உள்ளிட்ட குழுவினர் வெளியிட்ட முடிவு பெரும் விவாதமானது. பீக்கன் பள்ளத்தாக்கில் அரை மீட்டர் அளவே தடித்த படிவின் கீழே பனிக்கட்டி இருந்தது. படிவின் வெடிப்பில் விழுந்து தங்கிய எரிமலைச் சாம்பலின் வயது ஆர்கான் முறையில் 81 லட்சம் ஆண்டு. சாம்பல் விழுந்தபோதே படிவு இருந்திருக்க வேண்டும். அடியிலுள்ள பனிக்கட்டியோ அதைவிடப் பழையது என்பது அவர்கள் வாதம். 1980களில் பீட்டர் வெப், டேவிட் ஹார்வுட் முதலியோர், சிரியஸ் எனப்படும் பனியாற்றுப் படிவுகளில் கிடைத்த கடல்பாசி நுண்ணுயிர் எச்சங்களைக் காட்டி, சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிழக்கு அண்டார்க்டிகாவின் பனி பெருமளவு உருகியிருந்தது என்று கூறியிருந்தனர். இரண்டு கருத்துகளும் ஒன்றாக நிற்க முடியாது.

1998இல் ஹிண்ட்மார்ஷ், வான் டெர் வாட்டரன் முதலியோர் கணக்கிட்டுக் கேட்டனர்: கூழாங்கற்களின் இடைவெளி வழியே நீராவி ஓயாமல் வெளியேறும்போது, அவ்வளவு காலம் பனிக்கட்டி எப்படித் தங்கும்? இந்தக் கேள்வியே ஆய்வைச் செழுமைப்படுத்தியது என்பது என் மதிப்பீடு. விடைதேடி மேற்பரப்புப் பாறைகளில் காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கும் ஹீலியம், நியான், பெரிலியம் அணுக்கள் அளக்கப்பட்டன. சாம்பலின் வயது பனிக்கட்டிக்குப் பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு நீடித்தாலும், பனிக்கட்டி பத்து லட்சம் ஆண்டுகளைத் தாண்டியது என்பதற்குச் சான்றுகள் வலுத்தன. காலப்போக்கில் தடிக்கும் படிவு தன் அடியிலுள்ள பனிக்கட்டியைக் காக்கும் போர்வையாகிறது. பதங்கமாதலின் வேகம் அதனால் குறைகிறது.

இந்தக் காப்பு எல்லா இடத்திலும் நிலைக்காது. கார்வுட் பள்ளத்தாக்கில், ராஸ் கடலைப் பனி நிரப்பியிருந்த காலத்தில் புதையுண்ட பனிக்கட்டி ஓடைக்கரையில் செங்குத்துச் சுவராக வெளிப்பட்டிருக்கிறது. ஜோசப் லெவி குழுவினர் 2013இல் தெரிவித்தபடி, அது உருகும் வேகம் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளின் சராசரியைவிடச் சுமார் பத்து மடங்கு. காற்றின் வெப்பம் அங்கே குறிப்பிடத்தக்கபடி உயரவில்லை. தரையை எட்டும் சூரிய ஒளி கூடியதே முதன்மைக் காரணம் என்கிறார்கள் அவர்கள்.