கணினித் திரையின் வரலாறு – 14: தோலுரிந்த திரை

2011 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மேக் ஓஎஸ் எக்ஸ் லயன் இயங்குதளத்தில், நாள்காட்டிச் செயலியின் மேற்பகுதி பழுப்புத் தோல் போர்த்தி நூலால் தைத்ததுபோல் வரையப்பட்டிருந்ததுடன், அத்தோலுக்குக் கீழே, சென்ற மாதத் தாளைக் கிழித்தபின் ஒட்டிக்கொண்டிருக்கும் காகிதத் துணுக்குகளும் காட்டப்பட்டிருந்தன. பழைய பொருளொன்றின் உருவத்தை, அதற்கான தேவை நீங்கிய பின்னும், புதிய பொருள் இவ்வாறு சுமந்து நிற்பதை ஸ்கியூமார்பிசம் என்பர்; கருவி, வடிவம் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1889-இல் ஹென்றி கோலி மார்ச் ஆக்கிய இச்சொல், முதலில் தொல்பொருள்களின் அலங்காரத்தைப் பற்றிய ஆய்வில் வழங்கியது.

இவ்வகை அலங்காரத்தை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. 2007-இல் ஐபோன் வந்தபோது, விசைகளை அழுத்தியே பழகியிருந்த விரல்களுக்கு ஒரு கண்ணாடிப் பரப்பே கிடைத்தது. எனவே நிழலோடு மேடுபட்டுத் தெரியும் பொத்தான், தன்னை அழுத்தலாம் என்பதையும், பள்ளத்துக்குள் பதிந்து நின்ற அம்புக்குறிக் கட்டை, தன்னை வலப்புறம் தள்ளினால் பூட்டு திறக்கும் என்பதையும் பார்த்த மாத்திரத்தில் உணர்த்தின. 2010-இல் வந்த ஐபோன் 4, ஓர் அங்குலத்துக்கு 326 படப்புள்ளிகளைக் காட்டும் திரையைக் கொண்டிருந்ததால் தோலின் நுண்வரிகளையும் தையல் நூலையும் கூட வரைய முடிந்தது. முடிந்ததாலேயே வரைந்தார்கள் என்று சொல்லுமளவுக்கு, விளையாட்டுச் செயலியில் சூதாட்ட மேசையின் பச்சைத் துணியும், நூல் செயலியில் மர அலமாரியும் இடம்பிடித்தன. 2012-இல் பாட்காஸ்ட் செயலியில் சுழன்ற ஒலிநாடாச் சுருள்கள் பெரிதும் கேலிக்குள்ளாயின என்றாலும், ஒலி ஓட ஓட நாடா ஒரு சுருளிலிருந்து மற்றொன்றுக்கு மாறி, எஞ்சிய நேரத்தைக் குறிப்பாகக் காட்டியதைக் கேலி செய்தோர் கவனிக்கவில்லை.

எதிர்ப்பாதையை முதலில் துணிந்து எடுத்தது மைக்ரோசாஃப்ட். நிழல், மினுமினுப்பு, மேடுபள்ளம் அனைத்தையும் நீக்கி, எழுத்தையும் வண்ணத்தையும் வெற்றிடத்தையும் மட்டுமே நம்பும் தட்டை வடிவமைப்பை, போக்குவரத்து நிலையங்களின் அறிவிப்புப் பலகைகளை முன்மாதிரியாகக் கொண்டு, மெட்ரோ என்ற பெயரில் 2010-இன் விண்டோஸ் போன் 7-இல் அது அறிமுகப்படுத்தியது.

ஆப்பிளில் மாற்றம் ஆள்மாற்றத்தோடு வந்தது. 2012 அக்டோபரில் ஐபோன் மென்பொருளின் தலைவர் ஸ்காட் ஃபோர்ஸ்டால் விலகுவதாக அறிவிக்கப்பட்டு, இடைமுகப் பொறுப்பு கருவி வடிவமைப்பாளரான ஜோனி ஐவிடம் சென்றது; 2013 ஜூனில் ஆண்டு மாநாட்டு மேடையில், பச்சைத் துணி தீர்ந்துபோய்விட்டதென்று ஆப்பிளின் மென்பொருள் பொறியியல் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி நகைத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் வெளியான ஐஓஎஸ் 7-இல் தோலும் மரமும் மறைந்தன, மறைய வேண்டியவையே. ஆனால் தோலோடு சதையும் போயிற்று: பொத்தான்களின் விளிம்பும் நீக்கப்பட்டு, வண்ண எழுத்துகள் மட்டும் எஞ்சியதால், எது படிப்பதற்குரிய சொல், எது தொடுவதற்குரிய பொத்தான் என்பதைப் பல இடங்களில் ஊகித்தே அறிய வேண்டியதாயிற்று. 2014 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 7.1-இல், பொத்தான்களுக்கு மீண்டும் உருவம் கொடுக்கும் விருப்பத் தேர்வொன்று, அமைப்புகளுக்குள் அணுகல்தன்மைப் பிரிவில் சேர்க்கப்பட்டது.