சோடியம் பென்சோயேட்

சோடியம் பென்சோயேட்: ஊறுகாய், தக்காளி சாஸ், இஞ்சி பூண்டு விழுது, பழரசம், குளிர்பானம் முதலிய புளிப்புள்ள உணவுகள் கெடாதிருக்கச் சேர்க்கப்படும் பதப்பொருள். பென்சாயிக் அமிலத்தின் சோடியம் உப்பு. உணவுச் சேர்பொருள்களின் பன்னாட்டு வரிசையில் இதன் எண் 211.

இதன் மூதாதை சாம்பிராணி. சுமத்திராவில் வளரும் ஸ்டைராக்ஸ் மரத்தின் பிசினான சாம்பிராணியைச் சூடாக்கினால் ஆவியாகி எழுந்து படியும் வெண்படிகமே பென்சாயிக் அமிலம். 16ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் இதைப் பிரித்தெடுத்தனர். 1832இல் வேதியியலர்களான லீபிக்கும் வோலரும் இதன் வேதி அமைப்பைக் கண்டறிந்தனர். பூஞ்சையை இது தடுக்கும் என்பதை 1875இல் சால்கோவ்ஸ்கி கண்டார். இன்று ஆலைகளில் இது பெட்ரோலிய வழிவந்த டொலுயீனிலிருந்து செய்யப்படுகிறது.

புளிப்பில்தான் இதற்கு வேலை. அமிலத்தன்மை மிகுந்த உணவில் இந்த உப்பு பென்சாயிக் அமிலமாக மாறி, ஈஸ்ட், பூஞ்சை ஆகியவற்றின் செல்லுக்குள் புகுந்து, அவை சர்க்கரையை உடைத்து ஆற்றல் பெறும் வழியை முடக்குகிறது. மனித உடலிலோ கல்லீரல் இதைக் கிளைசீனுடன் இணைத்து ஹிப்யூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. கிரான்பெர்ரியிலும் இலவங்கப்பட்டையிலும் பென்சாயிக் அமிலம் இயற்கையாகவே உண்டு. ஆகவே இதை வெறும் நஞ்சு என்று தள்ளுவது சரியல்ல.

அப்படியானால் இதைப் பற்றிச் சண்டை எதற்கு? விடை நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்கத் தக்காளி ஆலைகளில் இருக்கிறது. அங்கே தக்காளியை டின்னில் அடைத்த பிறகு மிஞ்சும் தோலும் காம்பும் பீப்பாய்களில் புளித்துக் கிடக்கும். அவற்றை அரைத்து, பென்சோயேட் கலந்து கெட்சப்பாக விற்றனர் பலர். அழுகலை மறைக்க வழி இருக்கும்வரை நல்ல காய் வாங்க எவனும் மெனக்கெடமாட்டான் என்பதே வேளாண்துறையின் தலைமை வேதியியலர் ஹார்வி வைலியின் வாதம். அவர் 1902இல் பன்னிரண்டு இளைஞர்களைத் தம் அலுவலகத்திலேயே அமர்த்திச் சோறு போட்டார். போராக்ஸ், சாலிசிலிக் அமிலம், பென்சாயிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு என ஒவ்வொன்றாகக் கொடுத்து அவர்கள் உடல்நிலையைக் குறித்துவைத்தார். நாளிதழ்கள் அவர்களை ‘நச்சுப் படை’ என்று அழைத்தன. 1906இல் தூய உணவு, மருந்துச் சட்டம் வந்தது.

பென்சோயேட்டைத் தடுக்க முயன்ற வைலியை எதிர்த்து ஆலைக்காரர்கள் அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் முறையிட்டனர். அவர் அமைத்த ரெம்சன் குழு, சிறு அளவில் பென்சோயேட் தீங்கற்றது என்று 1909இல் அறிவித்தது. வைலி தோற்றார். 1912இல் பதவியைத் துறந்தார். ஆனால் அவர் சொன்னது பொய்யாகவில்லை. பழுத்த தக்காளி, கூடுதல் வினிகர், கூடுதல் சர்க்கரை இருந்தால் பென்சோயேட் இல்லாமலே கெட்சப் நிற்கும் என்பதை உணவு ஆய்வாளர்களான பிட்டிங் தம்பதியர் சோதனையில் காட்டினர். ஹைன்ஸ் நிறுவனம் அதை வணிகத்தில் நடத்திக்காட்டியது.

கவலை வேறொரு பக்கத்திலிருந்தும் வந்தது. பென்சோயேட்டும் வைட்டமின் சியும் ஒரே பானத்தில் இருந்து, வெயிலும் வெப்பமும் பட்டால், புற்றுநோய் விளைவிக்கும் பென்சீன் சிறிதளவு உண்டாகும். இது 1990லேயே அமெரிக்க நிறுவனங்களுக்குத் தெரியும். பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரிந்தது 2006இல்! அப்போது நடந்த அமெரிக்க அரசுச் சோதனையில் பத்துப் பானங்களில் பென்சீன், குடிநீருக்கான வரம்பான 100 கோடியில் 5 பங்கைத் தாண்டியிருந்தது. 2007இல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு, சில செயற்கை நிறமிகளோடு பென்சோயேட் கலந்த பானம் குடித்த குழந்தைகளிடம் துறுதுறுப்பு கூடியதைக் காட்டியது. நிறமியா, பென்சோயேட்டா, எது காரணம் என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இந்தியச் சட்டம் பதப்பொருள்களை இரு வகுப்பாகப் பிரிக்கிறது. உப்பு, சர்க்கரை, வினிகர், எண்ணெய், மசாலா முதல் வகுப்பு. நம் பாட்டிமார் ஊறுகாய் போட்டது இவற்றைக்கொண்டுதான். பென்சோயேட் இரண்டாம் வகுப்பு. மூலப்பொருளோடு ஒட்டிவரும் பதப்பொருளின் கதை தனி. விழுதிலோ கூழிலோ கலந்த பென்சோயேட், அதைச் சேர்த்துச் செய்த பண்டத்தில் வேலை செய்யாத அளவுக்குக் குறைந்துவிட்டால், அதை லேபிளில் குறிக்க வேண்டியதில்லை என்கிறது பன்னாட்டு உணவுத் தர விதித்தொகுப்பான கோடெக்ஸ். உண்பவருக்குத் தெரியாமல் போவது இங்கேதான்.

லேபிளில் உள்ளதையாவது படியுங்கள். குழந்தைக்கு வாங்கும் பானத்தில் 211உம், வைட்டமின் சியைக் குறிக்கும் 300உம் சேர்ந்திருந்தால், அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.